பிறந்தநாள் கேக்கும் ஒரு தூக்குவாளி பருத்திப்பாலும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

தீபாவளிப் பலகாரமெல்லாம் தீர்ந்து பிள்ளைகளின் வயிறு ஒரு நிலைக்கு வந்திருக்கும் என்று நம்பி இதை எழுதுகிறேன். சீருடை, வருகைப் பதிவு, பரீட்சை மார்க் எதைப் பற்றியும் இதில் இல்லை. பயப்படாமல் படிக்கலாம். இது சாப்பாட்டைப் பற்றிய கடிதம்.

ஜூலை மாதம் மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்குப் பிறந்தநாள். அவன் அப்பா மதுரையில் ஆர்டர் கொடுத்து, பெரிய கேக் ஒன்றைச் சோழவந்தான் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். மேலே முழுக்க நீல க்ரீம், நடுவில் ஒரு பிளாஸ்டிக் கார். பிள்ளைகள் போட்ட சத்தம் சத்துணவுக்கூடம் வரைக்கும் கேட்டது. எல்லோரும் கை நீட்டிக்கொண்டிருக்க, ஒரு பெண்பிள்ளை மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பால் ஆகாது. பால் கலந்தது எதைத் தின்றாலும் உடம்பெல்லாம் தடித்துவிடும், ஒருமுறை மூச்சு இரைத்து ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறார்கள். வகுப்பு டீச்சர் தன் பையில் இருந்த பிஸ்கட்டை எடுத்தார். உறையைப் படித்தால் அதிலும் பால் பவுடர். கடைசியில் பிறந்தநாள் பையனே அந்த காரை எடுத்து, ஒட்டியிருந்த க்ரீமைச் சட்டையில் துடைத்து, அவளிடம் கொடுத்தான். மற்ற பிள்ளைகளுக்கு மறுநாள் வரைக்கும் நாக்கு நீலமாக இருந்தது.

செப்டம்பரில் அந்தப் பிள்ளையின் பிறந்தநாள் வந்தது. அவளுடைய அப்பத்தா ஒரு கையில் பெரிய தூக்குவாளியும் இன்னொரு கையில் துணி மூடிய கூடையுமாக வந்து நின்றார். வாளியில் பருத்திப்பால், கூடையில் சீயம். டம்ளரில் ஊற்ற ஆரம்பித்ததும் ஒரு பையன் பதறிப்போய் என் அறைக்கு ஓடிவந்தான்: "பெரிய டீச்சர், அவளுக்குப் பால் ஆகாதே!" அப்பத்தா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அப்புறம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னார். பருத்திக்கொட்டையை ராத்திரியே ஊறப்போட்டு, காலையில் ஆட்டி, துணியில் இரண்டு மூன்று தடவை பிழிந்து எடுப்பது இந்தப் பால். அதில் பச்சரிசி மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, கருப்பட்டிப் பாகும் சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, தேங்காய்த் துருவல் தூவினால் ஆயிற்று. மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சீயத்திலும் அப்படித்தான். கடலைப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் சேர்த்த பூரணத்தை அரிசி, உளுந்து மாவில் தோய்த்துப் பொரித்தது. வகுப்பில் 31 பிள்ளைகள். வாளியில் ஒரு சொட்டு மிச்சமில்லை. எனக்கு அரை டம்ளர்தான் கிடைத்தது என்பதில் இன்னும் வருத்தம் உண்டு.

இரண்டு பிறந்தநாள்களையும் பார்த்த பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி பள்ளிக்குள் பிறந்தநாளுக்கு வரும் பண்டம் வீட்டில் செய்ததாக இருக்கட்டும். அந்த வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளையும் தின்னக்கூடியதாக இருக்கட்டும். கேட்டுக்கொள்வது அவ்வளவுதான். சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் என்று அரசே ஏற்பாடு வைத்திருக்கும்போது, பிறந்தநாள் அன்று நாம் ஒரு பிள்ளையை வெறுங்கையோடு நிறுத்தலாமா?

இன்னொரு காரணமும் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கியதே நம் மதுரையில்தான், சிம்மக்கல் பக்கம் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில். மதியச் சாப்பாடோ காமராஜர் காலத்திலிருந்து வருவது. நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் காலையும் மதியமும் இங்கேயே சாப்பிட்டுவிடுவதால், ஒரு பிள்ளையின் வீட்டுக் கைப்பக்குவத்தை இன்னொரு பிள்ளை அறிவதற்கு வழியே இல்லாமல் போகிறது. நாங்கள் படித்தபோது டப்பாவைத் திறந்ததும் வெஞ்சனம் கைமாறும். யார் வீட்டு ஊறுகாய் எப்படி, யார் அம்மா மொச்சைக்குழம்பு வைப்பதில் கெட்டிக்காரி என்பதெல்லாம் வகுப்பு முழுக்கத் தெரியும்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்தில், எட்டாம் வகுப்பு மாணவியின் அக்கா, பெங்களூரில் வேலை பார்ப்பவர், தான் 'வீகன்' ஆகிவிட்டதாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "பால், தயிர், நெய், முட்டை, கறி, தேன் எதுவும் கிடையாதாம் டீச்சர், பிள்ளை என்னத்தைத்தான் திங்கும்?" என்று என்னிடம் கண்கலங்கினார். அந்தச் சொல் இங்கிலாந்தில் 1944-ல் பிறந்தது. சாப்பாடு அப்படி ஒன்றும் புதிது இல்லை. குதிரைவாலிச் சோறும் மொச்சைக்குழம்பும், கேப்பைக்களியும் கீரைக் கடைசலும், கொள்ளு ரசம், முருங்கைக்கீரைப் பொரியல், புளியோதரை, காரச்சட்னியோடு இட்லி, சாயங்காலம் சுண்டல். தாளிப்பில் நெய் விடாமல், மோரைத் தள்ளிவைத்துவிட்டால் இவை எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னதும், "இதைத்தானே தினமும் ஆக்குறேன்" என்றார்.

கால்சியத்துக்குப் பால்தான் வேண்டும் என்று நினைக்கிறோம். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் 120 போல. எள்ளில் இன்னும் அதிகம். ஆனால் ஒன்று, வீகன் என்ற ஆசையில் வளரும் பிள்ளைகளுக்குப் பாலையும் முட்டையையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பி12 என்ற வைட்டமின் செடிகொடி உணவில் நம்பும்படி கிடைக்காது. டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். அதேபோல், பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு, பால் ஒவ்வாமை வேறு. முன்னது பாலில் உள்ள சர்க்கரை செரிக்காததால் வருவது. பின்னதில் பாலின் புரதத்தையே உடம்பு பகையாக நினைக்கிறது. கொஞ்சம் கலந்தாலும் ஆபத்து. "ஒரு துளிதானே" என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

சரி, கேக் வேண்டும் என்று பிள்ளை அழுதால்? அந்த ஆசை தப்பே இல்லை. மெழுகுவத்தியும் கலரும் கண்ணைப் பறிக்கும் அலங்காரமும் பிள்ளைக்கு வேண்டும்தான். வீட்டிலேயே செய்யுங்கள் என்கிறேன். நானும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். முதல் கேக், குக்கர் அடியில் உப்புப் பரப்ப மறந்து, கரி. இரண்டாவது நன்றாக வந்தது. மேலே வெண்ணெயும் சர்க்கரையும் அடித்து ரோஜாப்பூக்கள் வைத்து, சித்திரை மாதத்தில், பஸ்ஸில் என் தங்கை வீட்டுக்கு எடுத்துப்போனேன். இறங்கும்போது ரோஜா ஒன்றும் இல்லை, டப்பா ஓரத்தில் மஞ்சளாக ஒரு குளம். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும். நம் ஊர் வெயில் 38, 39 என்று போகும். அந்த க்ரீம் குளிர்நாட்டுச் சமாச்சாரம்.

இப்போது செய்யும் முறை இதுதான். குக்கரில் தண்ணீர் ஊற்றாமல், உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்தால் கொழகொழவென்று ஆகும்; ஒரு முட்டைக்கு அது ஈடு. பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். நம் பக்கம் தேங்காய்க்கு என்ன பஞ்சம்? சமையல் சோடா போட்டு, கடைசியில் ஒரு மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால் மாவு நுரைத்துக்கொண்டு எழும்பும். உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும், நின்று பேசிக்கொண்டிருந்தால் அமுங்கிவிடும்.

மேலே க்ரீம் வேண்டாம். தேங்காய்த் துருவலைப் பீட்ரூட் சாற்றில் புரட்டினால் ரோஸ், மஞ்சள் தண்ணீரில் புரட்டினால் மஞ்சள், வேலியில் பூத்துக் கிடக்கும் சங்குப்பூவை வெந்நீரில் போட்டு எடுத்த சாற்றில் புரட்டினால் நீலம். அந்த நீலத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் ஊதாவாக மாறும். ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர் அமிலம், காரம் பாடத்தையே இதை வைத்துத்தான் நடத்துகிறார். கேக்கே வேண்டாம் என்றால் கலர் கலராக இடியாப்பம் பிழிந்து, நடுவில் தேங்காயும் வெல்லமும் தூவி அடுக்கி மெழுகுவத்தி குத்துங்கள். கடலைமிட்டாயை ஓடாக வேய்ந்து ஒருவர் வீடு கட்டிக் கொண்டுவந்தார், அதைத் தின்னவே மனசு வரவில்லை. கடலை ஆகாத பிள்ளை இருக்கும் வகுப்பில் மட்டும் அது கூடாது. காரத்துக்கு நம் மதுரைத் தெருக்களில் சாயங்காலம் போடுகிற முள்ளுமுருங்கை வடை போதும். இட்லிப்பொடி தூவி நீட்டினால் அந்தப் பச்சை நிறத்துக்கே பிள்ளைகள் மயங்குவார்கள்.

கடைக் கலர்பொடியை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். 2024 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். துணிக்குப் போடுகிற ரோடமின்-பி சாயம் அதில் இருந்ததுதான் காரணம்.

கொடிக்கால் வேலைக்கும் மில்லுக்கும் விடியற்காலையில் கிளம்பும் வீடுகள் நம்மில் அதிகம் என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினால் போதும். அதுவும் முடியாவிட்டால் ஒன்றுமில்லை, பாட்டுப் பாடி வாழ்த்திக்கொள்கிறோம். சமையல் என்றால் அம்மாதான் என்றும் இல்லை. நம் அப்பாக்களில் பரோட்டா மாஸ்டர்கள் இருக்கிறார்கள், கல்யாணப் பந்திக்குச் சமைக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்கே ஆக்கிப்போடுகிறவர் தன் பிள்ளையின் வகுப்புக்கு ஒருநாள் ஆக்கக் கூடாதா? கொண்டுவருவதற்கு இரண்டு நாள் முன்னால் வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். என்னென்ன சேர்த்தது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வையுங்கள், முக்கியமாகப் பால், நெய், முட்டை, நிலக்கடலை, எள். தேங்காய்ச் சட்னி வேண்டாம், பதினொரு மணிக்கே ஊசிப்போகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பிள்ளைகள், ஒரு குறிப்பிட்ட வீட்டிலிருந்து வந்த கொழுக்கட்டையை, "வாங்கக் கூடாதுன்னு வீட்ல சொன்னாங்க" என்று மறுத்தது என் காதுக்கு வந்தது. ஒவ்வாமை என்றால் சீட்டு கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். வேறு எந்தக் காரணமும் இந்தப் பள்ளிக்குள் செல்லாது. அந்த இரண்டு வீட்டாரும் என்னை வந்து பார்க்க வேண்டும்.

நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று மதியம் மூன்று மணிக்குப் பிறகு எல்லா வகுப்பும் சேர்ந்து வீட்டுப் பலகாரம் சாப்பிடுகிறோம். பரிசு, போட்டி எதுவும் கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அப்பத்தா பள்ளி முழுமைக்கும் பருத்திப்பால் காய்ச்சித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கொட்டையை முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும் என்பதால், பெரிய அண்டா வைத்திருப்பவர்கள் 13-ஆம் தேதி மாலைக்குள் பள்ளியில் கொடுத்தால் நன்றாக இருக்கும். போன தடவை சத்துணவுக்கூடத்து அண்டாவைக் கேட்டு வாங்கிவிட்டு, நான்தான் அடிபிடிக்க வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடியும் போய்க் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியை