பச்சை விளக்கு எரிகிறது, லைன் இல்லை

தலைமை அலுவலகக் கணினிப் பிரிவு நண்பர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்துக் கிளை ஒன்றில் கணினி பார்ப்பவன் எழுதுகிறேன். ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பார்கள் என்று இங்கே வாய்க்கால் தூர்வாருகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை பொக்லைன் எங்கள் கேபிளையும் சேர்த்து வாரிவிட்டது. குறுவைக்கு நகைக்கடன் வாங்க வந்தவர்கள் மதியம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். உங்களுக்குப் போன் போட்டால், லைன் உள்ள கிளையைப் பச்சையாகவும் இல்லாததைச் சிவப்பாகவும் காட்டும் பட்டியலைப் பார்த்துவிட்டு, "லிஸ்டுல உங்க கிளை பச்சையாத்தானே இருக்கு சார்" என்கிறீர்கள்.

அந்தப் பச்சை எப்படி வந்தது என்று பார்த்தேன். உங்கள் ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஒவ்வொரு கிளைக்கும் பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கும் சிறு செய்தி, அனுப்பி, எத்தனை பதில் வந்தது என்ற 'ரிசீவ்டு' எண்ணிக்கையைப் பார்க்கிறது. லைன் அறுந்தால் வழியிலுள்ள ரௌட்டரோ, ஏன், உங்கள் கணினியோகூட 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்', அதாவது அந்தக் கணினியை எட்ட முடியவில்லை, என்று சொல்லும். விண்டோஸ் பிங் அதையும் வந்த பதிலாகவே எண்ணிக்கொள்கிறது. நான்கு அனுப்பினேன், நான்கும் வந்தன, இழப்பு பூஜ்யம். கட்டளை தவறியதா என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் எர்ரர்லெவல் எண்ணும் பூஜ்யம்தான், அதாவது தவறில்லை. வீட்டில் ஆள் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை, ஆள் இருக்கிறார் என்று குறித்துக்கொண்ட கதை.

உண்மையான பதில் வரியில் மட்டும் 'டிடிஎல்=' (TTL=) என்று இருக்கும். ஸ்கிரிப்டில் அதைத் தேடச் சொல்லுங்கள், எழுத்தைத் தேடித்தரும் ஃபைண்ட் கட்டளை ஒன்று போதும்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. எங்கள் இரண்டாவது கவுண்டர் கணினி ஒழுங்காக ஓடுகிறது, பட்டியலில் மட்டும் தினமும் சிவப்பு. வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்தால் அப்படித்தான் வரும். விண்டோஸின் பவர்ஷெல் கட்டளைத் திரையில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையை வைத்து, நாம் உண்மையில் பயன்படுத்தும் போர்ட் (மென்பொருள் பேசும் வாசல்) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிங் 1983-இல் எழுதப்பட்டது. அந்த முனையில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்க மட்டும்தான் அதற்குத் தெரியும், கடன் கணக்கு திறக்குமா என்று தெரியாது.

அப்புறம், ஒரு தடவை பதில் வராவிட்டால் உடனே சிவப்பு போட வேண்டாம். இங்கே கரண்ட் போய் வருவது உங்களுக்குத் தெரியாததா? இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று முறை கேட்டுப் பார்த்து, மூன்றும் தவறினால் போடுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் மாற்றிக் கொடுங்கள். வாய்க்கால் வேலை இன்னும் இரண்டு கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
கிளைக் கணினிக்காரன்