கருவூலக் கணக்கும் காவிரிக் கணக்கும்: ஆட்சித் தலைவருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
வெண்ணாற்றுப் பாசனப் பகுதி,
திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
(தலைவர், மாவட்ட நலவாழ்வுச் சங்கம்)
திருவாரூர்.

பொருள்: பொது சுகாதாரம் – ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான மருந்து, சில்லறைச் செலவு ஒதுக்கீட்டை டெல்டாவின் சாகுபடிக் காலத்தை ஒட்டி விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 31 ஆண்டுகள் அரசு மருந்தகத்தின் ஜன்னலுக்கு உள்ளே நின்று மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான். இப்போது சர்க்கரை மாத்திரைக்காக அதே மாதிரி ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கிறேன். இரண்டு பக்கமும் நின்றவன் என்பதைத் தவிர இந்த மனுவை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை. கூடுதலாக ஒரு ரூபாய் ஒதுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஒதுக்குகிற ரூபாய் எந்த மாதம் வந்து சேர்கிறது என்பதுதான் என் முறையீடு.

கடந்த ஐப்பசியில் ஓர் இரவு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெயரையும் நிலையத்தின் பெயரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் விளக்கம் கேட்டு முதல் மெமோ அன்று இரவுப் பணியில் இருந்த செவிலியருக்குத்தான் போகும். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

எங்கள் பக்கத்துத் தெருப் பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். பகலெல்லாம் களையெடுத்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் வாய்க்கால் கரையில் கட்டியிருந்த மாட்டை அவிழ்க்கப் போனார். வயலெல்லாம் தண்ணீர் நின்றால் பாம்புக்கும் வரப்பைவிட்டால் போக்கிடம் கிடையாது. கண்ணாடி விரியன் கணுக்காலில் கடித்துவிட்டது. கட்டக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்காத ஊர். துண்டால் இறுக்கிக் கட்டி, இருசக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். நானும் பின்னாலேயே போனேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெளிச்சம் இருந்தது, செவிலியர் இருந்தார், தகவல் சொன்ன கால் மணி நேரத்தில் மருத்துவரும் வந்துவிட்டார். இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பல மாநிலங்களில் இந்த அளவுகூடக் கிடையாது. ஃபிரிட்ஜைத் திறந்தால் விஷமுறிவு மருந்து ஆறு குப்பிகள் இருந்தன. விஷம் ஏறியவருக்கு முதல் தவணையே பத்துக் குப்பிகள் போட வேண்டும் என்பது மருந்தகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

அடுத்தது ரத்தம் உறைகிறதா என்ற சோதனை. இதற்கு இயந்திரம் ஒன்றும் வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தத்தை விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாய் உதவாது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் பொய் சொல்லும். அன்று அந்த நிலையத்தில் கண்ணாடிக் குழாய் ஒன்றுகூட இல்லை, புரட்டாசியிலேயே தீர்ந்துவிட்டதாம். செவிலியர் மேசை இழுப்பறை, ஆய்வக அலமாரி, பிரசவ அறைத் தட்டு என்று ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஈறில் ரத்தம் கசிவதைப் பார்த்த மருத்துவர், சோதனைக்குக் காத்திராமல் இருந்த ஆறையும் ஏற்றி 108இல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எந்த கேட் என்று தங்களுக்கே தெரியும்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு நான்கு முறை டயாலிசிஸ் ஆனது. தை அறுவடைக்கு அவரால் போக முடியவில்லை. நான் மறுநாள் கடைத்தெருவில் விசாரித்தேன்: ஒரு கண்ணாடிக் குழாயின் விலை ஒரு டீக்காசுக்கு மேல் இல்லை. அடுத்த வட்டாரத்தில் இருக்கும் என் பழைய சக ஊழியரைக் கேட்டேன். அவருடைய ஃபிரிட்ஜில் இருபது குப்பிகள் ஏப்ரலில் காலாவதியாகக் காத்துக்கொண்டிருந்தன.

இதில் எங்கே பணம் இல்லை என்று சொல்ல முடியும்?

மருந்து வாங்குவதில் தமிழ்நாடு சிக்கனத்துக்குப் பேர்போன மாநிலம். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைந்து, 1995 முதல் மருந்து கொள்முதல் அதன் கைக்கு வந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். அதற்கு முன் எந்தப் பெட்டியில் எந்தக் கம்பெனி மருந்து வரும், எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாது. கழகம் வந்தபின் மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி, வணிகப் பெயர் இல்லாத மூலப் பெயர், ஒவ்வொரு உற்பத்தித் தொகுதிக்கும் (batch) ஆய்வகப் பரிசோதனை, மாவட்டத்துக்குக் கிடங்கு என்று ஆனது. நிலையத்துக்கு ஒரு பாஸ்புக். அதில் ஆண்டு ஒதுக்கீடு தொகையாக எழுதப்பட்டிருக்கும், எடுக்க எடுக்கக் கழித்துக்கொள்வார்கள். மருந்துப் பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு கிடங்குக்கு, ஒரு பங்கு உள்ளூர்க் கொள்முதலுக்கு. கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. ஆனால் விலையில் மிச்சம் பிடித்த நாம் நாளில் நட்டப்படுகிறோம்.

பாஸ்புக்குக்குத் தெரிந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. எங்கள் நோய்களுக்குத் தெரிந்த ஆண்டு மேட்டூர் திறப்பில் தொடங்குகிறது. வழக்கமான நாள் ஜூன் 12. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். நடவு அதற்கேற்ப முன்னே பின்னே போகிறது. சேற்றுப்புண்ணும் பாம்புக்கடியும் கூடவே போகின்றன. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் எலிக்காய்ச்சல், டெங்கு, வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பருவம் கிடையாது. மாதாமாதம் இத்தனை என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினும் விஷமுறிவு மருந்தும் அப்படியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் குவிந்து தேவைப்படும். மாசி, பங்குனியில் அலமாரியில் கிடக்கும். நான் பணியில் இருந்த காலம் முழுக்க உள்ளூர்க் கொள்முதல் பணம் ஆவணியிலேயே வற்றிவிடும். அடுத்த தவணை வரும்போது மழை நின்றிருக்கும்.

பிறகு மார்ச் வரும். மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாங்கள் முன்னறிவிப்பின்றி வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ஐப்பசியில் வராத பணம் அப்போது வந்து சேரும். 31ஆம் தேதிக்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். ஒரு வருடம் மார்ச் 29 அன்று எங்கள் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு ஃபிளெக்ஸ் பேனர், ஒரு சுவர்க் கடிகாரம் இறங்கின. கடிகாரம் எங்களிடம் ஏற்கெனவே மூன்று இருந்தது. பில்லில் நான்தான் கையெழுத்துப் போட்டேன், அதை மறைக்கவில்லை. போடாவிட்டால் பணம் திரும்பிப் போயிருக்கும், ‘செலவிடும் திறன் இல்லாத நிலையம்’ என்று அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டையும் குறைத்திருப்பார்கள்.

மேலே டெல்லியிலும் சென்னையிலும் இருக்கும் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. தேசிய நலவாழ்வு இயக்கத்தில் மத்திய அரசு அறுபது, மாநிலம் நாற்பது. ஒருவர் பங்கு தாமதித்தால் கீழே எல்லாம் தாமதம். மக்கள் நல்வாழ்வுக்கான அரசுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக்குவோம் என்று 2017இன் தேசிய நலவாழ்வுக் கொள்கை சொன்னது. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது, இலக்கு எட்டப்படவில்லை. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாக நாடு முழுமைக்கும் பரிந்துரைத்த சுகாதார மானியம் 70,051 கோடி ரூபாய். அதன் பெரும்பகுதி கட்டடத்துக்கும் பரிசோதனை வசதிக்கும் உரியது. கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டடத்துக்குள் ஒரு டெஸ்ட் டியூப் வேண்டும் என்கிறேன். இவையெல்லாம் தங்கள் கையில் இல்லை. ஆனால் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் தங்கள் ஒரு கையெழுத்தில் ஆகக்கூடியவையும் இருக்கின்றன. நான் கேட்பது அவற்றை மட்டும்தான்.

எந்த ஊரில் எத்தனை ஏக்கர், எந்த வாரம் நடவு என்பது வேளாண்மைத் துறையிடம் கிராமவாரியாக இருக்கிறது. அந்தத் தாள் சுகாதாரத் துறையின் மேசைக்கு வந்ததை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததே இல்லை. ஆண்டுதோறும் மேட்டூர் திறப்பு அறிவிப்பு வந்த பத்து நாளுக்குள் நீர்வளம், வேளாண்மை, சுகாதாரம், மருந்துக் கிடங்கு ஆகிய நான்கு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, மழைக்கால மருந்தைப் புரட்டாசி பிறப்பதற்குள் நிலையங்களில் இறக்கிவிட உத்தரவிட வேண்டுகிறேன். பாஸ்புக்கின் மொத்தத் தொகை மாற வேண்டாம். எடுக்கும் மாதம் மாறினால் போதும். 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக, 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் தமிழக அரசு அறிவித்துவிட்டது. ஆகவே எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை பேர் என்ற கணக்கு இனி மாவட்டத்திலேயே சேரும். அந்தக் கணக்கைச் சென்னைக்கு அனுப்பும் முன், குப்பிகளைப் பிரித்துக் கொடுக்க ஒரு முறை பயன்படுத்துங்கள். தண்ணீரை முறைவைத்து விடத் தெரிந்த மாவட்டம் இது. கடைமடைக்கு ஆம்புலன்ஸ் தூரம் அதிகம் என்பதால் முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நிலையங்களுக்கு முதல் முறை கொடுங்கள்.

ஒரு நிலையத்தில் தேங்குவதை அடுத்த நிலையத்துக்கு மாற்ற இப்போது கடிதம், பதில் கடிதம், ஒப்புதல் என்று நாட்கள் ஓடுகின்றன. தொலைபேசியில் கேட்டு, அன்றே கொடுத்து, அன்றே இரண்டு பதிவேட்டிலும் எழுதிக்கொள்ள மருந்தாளுநர்களுக்கு அனுமதி வேண்டும். தணிக்கை ஆட்சேபணை வரும் என்பார்கள். காலாவதியான குப்பியைக் குழியில் கொட்டும்போது வராத ஆட்சேபணை, உயிர் காக்கக் கொடுக்கும்போது ஏன் வர வேண்டும்?

சில்லறைச் செலவுக்கும் இதே கதைதான். ஊரக சுகாதார இயக்கம் தொடங்கிய காலத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 1,75,000 ரூபாய் என்று வைத்தார்கள்: நிபந்தனையற்ற நிதி 25,000, பராமரிப்புக்கு 50,000, நோயாளர் நலச் சங்கத்துக்கு ஒரு லட்சம். நல்ல ஏற்பாடு. ஆனால் சங்கம் கூடினால்தான் செலவு, குறைந்தபட்ச உறுப்பினர்கள் (கோரம்) வந்தால்தான் கூட்டம். 2,000 ரூபாய்க்கு உட்பட்ட அவசரச் செலவை மருத்துவ அலுவலர் உடனே செய்துவிட்டு அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் பெறலாம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். அதோடு, ஐப்பசி முதல் மார்கழி வரை இரவுப் பணிச் செவிலியரை முகாமுக்கும் மாற்றுப் பணிக்கும் அனுப்பக் கூடாது. மூன்று பேரில் ஒருவர் விடுப்பு, ஒருவர் முகாம் என்றால் மூன்றாமவர் மனிதர்தானே.

இந்த மனு வழக்கம்போல் கீழே இறங்கி, எந்த நிலையத்தைப் பற்றியதோ அந்த நிலையத்திடமே வந்து, ‘நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும் பரிசீலிக்கப்படும்’ என்ற பதிலோடு எனக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வாசகத்தை என் பணிக்காலத்தில் எத்தனையோ மனுக்களுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் வருகிறேன். எந்த மாதம் எந்த மருந்து தீர்ந்தது என்று நான் சொந்தமாக எழுதிவைத்த பதினொரு ஆண்டுக் குறிப்பு நோட்டு கையில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன். ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்.