அப்பா கையெழுத்து எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விவாகரத்து பற்றிய உங்கள் கட்டுரை, பிள்ளை யாரிடம் இருப்பது என்பதோடு நின்றுவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்குச் சிக்கல் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

போன வருடம் என் மகளுக்கு டான்சில் ஆபரேஷன். பன்னிரண்டு வயதுப் பெண், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் என் தோளில் சாய்ந்திருந்தாள். படிவத்தை நீட்டிய நர்ஸ், “அப்பா எங்கேம்மா? அவர் கையெழுத்து வேணுமே” என்றார். பிளாஸ்டிக் கவரிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்துக் கொடுத்தேன். மகள் என்னிடம் இருப்பாள், மாதம் இரண்டு சனிக்கிழமை அப்பாவிடம் போவாள் என்று அதில் இருக்கிறது. வைத்தியம், பள்ளி, பாஸ்போர்ட் பற்றி ஒரு வரி கிடையாது.

1956-ம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டம், முதலில் அப்பா, அவருக்குப் பின் அம்மா என்கிறது. ‘பின்’ என்றால் அப்பா இறந்த பிறகு மட்டும் அல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் அம்மாவே காப்பாளர் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. இன்னமும் கவுண்டரில் அப்பாவைத்தான் கேட்கிறார்கள். மனசு வலிக்கிறது.

வேறு வழியில்லாமல் மகளின் அப்பாவுக்குப் போன் போட்டேன். உடனே வந்தார், கையெழுத்துப் போட்டார். அப்புறம் கேட்டார்: “மூணு மாசமா டாக்டர்கிட்ட போயிட்டிருக்கீங்க. எனக்கு ஏன் சொல்லல?” எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயம். பள்ளிக் கட்டணத்தில் பாதி கட்டுகிறார் என்பதற்காக நியாயம் என்று சொல்லவில்லை. அவர் அவளுடைய அப்பா. பிள்ளை என்னிடம் இருப்பதால் முடிவும் என்னுடையது மட்டும்தான் என்று நான் இருந்துவிட்டேன்.

பணம் வரவில்லை என்று பிள்ளையை அனுப்ப மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் நான் காதால் கேட்ட பேச்சுகள். அந்தப் பணம் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும். அந்தச் சனிக்கிழமையும் பிள்ளையுடையது. ஒன்றுக்கு ஒன்று ஈடு கிடையாது.

பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: நகை, சீர் சாமான் பட்டியலுக்குச் செலவழிக்கிற நேரத்தில் பாதியாவது இதற்கு ஒதுக்குங்கள். பள்ளி மாற்றுவது, ஆபரேஷன், பாஸ்போர்ட், பதினோராம் வகுப்பில் எந்த குரூப் என்பதையெல்லாம் யார் முடிவு செய்வது, மற்றவருக்கு எத்தனை நாளுக்குள் சொல்வது என்று மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். தீர்ப்பு வந்துவிட்டதே என்று விடவும் வேண்டாம். இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில், பிள்ளை சம்பந்தப்பட்ட உத்தரவைப் பிறகும் மனு போட்டு மாற்றக் கேட்கலாம். முடிந்தவரை பிள்ளையின் விருப்பத்தையும் பார்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படி ஒரு மனு தயார் செய்கிறோம். என்ன எழுதலாம் என்று மகளிடமும் கேட்டோம். “ரிப்போர்ட் கார்டை ரெண்டு பேரும் ஒரே நாள்ல பாக்கணும்” என்றாள். வக்கீல் அதையும் குறித்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை