நிறுத்துவதென்றால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்: பீங்கான் நிறுவன நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

எங்கள் வீட்டு டின்னர் செட்டுக்கு மூன்று சாப்பாட்டுக் கோப்பைகள் கேட்டு எழுதியிருந்தேன். அந்த டிசைன் நிறுத்தப்பட்டுவிட்டதாம், புதியவற்றைப் பார்வையிடட்டுமாம் என்று உங்கள் வாடிக்கையாளர் பிரிவு பதில் போட்டது. பார்வையிட்டேன். எல்லாம் சாம்பல் நிறம்.

நிறுத்துவது உங்கள் உரிமை. வாங்கினவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்தியதுதான் என் மனத்தாங்கல். ஒரு வருடத்துக்கு முன்னர் அறிவித்திருந்தால் கடன்பட்டாவது நாலைந்து வாங்கி அலுமாரியில் வைத்திருப்போம்.

இப்போது பழைய சாமான் விற்பவர்களிடம் அலைய வேண்டியிருக்கிறது. அதே நீலப்பூ, அதே தங்கக் கரை என்று படத்தை நம்பி, கனடாவிலுள்ள தங்கச்சி மூலம் ஒரு கோப்பையைக் கொழும்புக்கு எடுப்பித்தோம். கூலி கோப்பையின் விலையைத் தாண்டியது. போகட்டும், உடையாமல் வந்ததே. மேசையில் எங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது: எங்களுடையது லேசாக மஞ்சள் ஓடிய வெள்ளை, வந்ததோ நீலம் ஓடிய வெள்ளை. விளிம்பும் ஒரு நூல் உயரம், அடுக்கினால் ஆடுகிறது. ஒரே டெக்கால் பூவை (ஒட்டுத்தாளில் அச்சடித்த பூவை) இரண்டு வெவ்வேறு அச்சில் வார்த்த கோப்பைகளில் ஒட்டிச் சூளையில் வைத்திருக்கிறீர்கள். அடியைத் திருப்பினால் உங்கள் முத்திரை மட்டும் இருக்கிறது, டிசைன் இலக்கம் இல்லை. சூப் கிண்ணத்திலும் பெரிய பரிமாறும் தட்டிலும் இலக்கம் போட்டிருக்கிறீர்கள். வீட்டில் முதலில் உடைவது எதுவோ அதில்தான் இல்லை.

கொஞ்சமாக டெக்கால் தாள் அடித்தால் கட்டுபடியாகாது என்பீர்கள். சரி. ஆனால் இங்கிலாந்தின் ஸ்போட் என்ற பீங்கான் நிறுவனம் 1816இல் கொண்டுவந்த புளூ இட்டாலியன் டிசைன் இன்றும் கடையில் கிடைக்கிறது. அந்த நிறுவனம் 2008இல் நொடித்து, மறுவருடம் போர்ட்மெய்ரியன் என்ற இன்னொரு பீங்கான் நிறுவனத்தின் கைக்கு மாறியும் டிசைன் தப்பிவிட்டது. நான் இருநூறு வருடம் கேட்கவில்லை. அமெரிக்காவில் கிறீன்ஸ்பரோவில் 1981இல் தொடங்கிய ரிப்ளேஸ்மென்ட்ஸ் என்ற நிறுவனம், உற்பத்தி நின்றுபோன டிசைன்களை ஒற்றை ஒற்றையாக விற்றே பெருத்தது. நீங்கள் தேவையில்லை என்று விட்டதற்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. கிரைண்டரின் மூடி உடைந்தால் புதுக் கிரைண்டர் வாங்கு, ஃபேனின் இறக்கை வளைந்தால் புது ஃபேன் வாங்கு என்கிற காலம். இருந்தாலும், 12 பேருக்கான செட் என்று விற்றீர்களே, பெட்டியிலேயே "சில வருடங்களின் பின் 9 பேருக்கு மேல் விருந்துக்கு அழைக்க வேண்டாம்" என்று ஒரு வரி அச்சிட்டிருக்கலாம். சம்பந்தி வீட்டாரில் யாரை விடுவதென்று முன்கூட்டியே யோசித்திருப்போம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய காரியமில்லை. ஒரு டிசைனை நிறுத்துவதென்றால் ஒரு வருடம் முன்னதாக அறிவியுங்கள். ஒவ்வொரு கோப்பையின் அடியிலும், பீரிஸின் அடியிலும்கூட, இலக்கத்தைப் போடுங்கள். பழைய டிசைன்களின் இலக்கங்களை, எந்த அச்சில் வந்தவை என்ற விபரத்தோடு வெளியிடுங்கள். தயவுசெய்து, சொல்லாமல் மட்டும் நிறுத்தாதீர்கள்.

உங்கள் கிடங்கில் அந்த நீலப்பூவில் மூன்று கோப்பைகள் எங்காவது கிடந்தால், கரும்புள்ளி விழுந்து இரண்டாந்தரமென்று ஒதுக்கியவையானாலும் எடுத்துக்கொள்வேன். விலையை அறியத்தரவும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருத்தி