ஸ்பான்சர் போன பிறகும் சவாரி ஓட வேண்டும்

மதிப்பிற்குரிய பூங்கா நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

நீங்கள் கட்டிவரும் கடலடிச் சவாரிக்கு ஸ்பான்சரைத் தேர்வு செய்யும் பேச்சு கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக அறிகிறேன். மூன்று நிறுவனங்கள் களத்தில் இருக்கின்றன. ஒன்று குளிர்பானம் விற்கிறது, இன்னொன்று காப்பீடு செய்கிறது, மூன்றாவது கடலுக்கு அடியில் தகவல் தொடர்புக் கேபிள் பதிக்கிறது. குளிர்பான நிறுவனம் தருவதாகச் சொல்லும் தொகை மற்ற இரண்டின் தொகையையும் கூட்டினாலும் எட்டாத அளவு என்கிறார்கள். அதனால் முடிவு ஏறத்தாழ எடுத்தாயிற்று என்றும் சொல்கிறார்கள். கையெழுத்து விழும் முன் இந்த மடலை ஒருமுறை படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் வேறொரு பூங்காவில் 11 ஆண்டுகள் சவாரி ஆபரேட்டராக வேலை பார்த்தவள். படகில் உட்கார்ந்து, அசையும் பொம்மைகள் நிறைந்த அறைகள் வழியே போகும் சவாரி அது. நான் சேர்ந்தபோது அதற்குப் பெரிய நிறுவனம் ஒன்று ஸ்பான்சராக இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவர்கள் புதுப்பிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, பூங்கா திறப்பதற்கு முன் ஆட்கள் வந்து பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். பலகை இருந்த இடத்தில் மட்டும் சுவர் பழைய நீலத்தில் பளிச்சென்று இருந்தது. சுற்றியுள்ள சுவரெல்லாம் வெயிலில் வெளுத்திருந்தது. அந்த நீலக் கட்டத்தைச் சுற்றி எட்டு ஆணித் துளைகள். மூன்று ஆண்டுகள் அது அப்படியே இருந்தது.

பலகையைக் கழற்றியவர்களால் குரலைக் கழற்ற முடியவில்லை. படகு கிளம்பியதும் ஒலிக்கும் வரவேற்புரையில் அந்த நிறுவனத்தின் பெயர் ஒரு வாக்கியத்தின் நடுவில் புதைந்திருந்தது. அதைப் புதிதாகப் பதிவு செய்யப் பணம் ஒதுக்கவில்லை. ஒன்பதாவது விநாடியில் ஒலியைக் குறை, பன்னிரண்டாவது விநாடியில் ஏற்று என்று எங்களுக்கு எழுத்து மூலமாக உத்தரவு வந்தது. ஒவ்வொரு படகுக்கும், நாள் முழுவதும், என் இடது கை அந்தக் குமிழின்மேல் இருந்தது.

குரலாவது பரவாயில்லை. மூன்றாவது அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைக்கும் பாட்டி பொம்மை ஒன்று இருந்தது. காற்றழுத்தத்தில் இயங்கும் கை. ஸ்பான்சர் இருந்த காலத்தில் அதில் கசிவு வந்தால் ஒரு வாரத்தில் மாற்று உறுப்பு வந்துவிடும். அவர்கள் ஆண்டுதோறும் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்கென்று வந்துகொண்டிருந்தது. அது நின்ற அடுத்த ஆண்டு பாட்டியின் கை பாதி உயரத்தில் நின்றுபோனது. ஒரே நாளில் இரண்டாம் முறை ஏறிய சிறுமி ஒருத்தி, இறங்கும் மேடையில் என்னிடம் வந்து, பாட்டிக்குக் கை வலிக்கிறதா என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவருவதற்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஸ்பான்சர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1955இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோதே அதன் கடைகளிலும் காட்சிக்கூடங்களிலும் நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன. அந்தப் பணம் இல்லாமல் அந்தப் பூங்கா நின்றிருக்காது. ஆனால் அதே குடும்பத்துப் பூங்காக்களின் வரலாற்றைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரியும்: ஸ்பான்சர்கள் வந்ததைவிடப் போன கதைதான் நீளம். புளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டர் 1975இல் ஆர்.சி.ஏ. என்ற மின்னணு நிறுவனத்தின் பெயரோடு திறந்தது. 1986இல் அந்த ஆர்.சி.ஏ.வையே ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கிவிட்டது. பிறகு ஃபெடெக்ஸ் வந்தது, அதுவும் போனது. புளோரிடாவிலேயே இருக்கும் இன்னொரு டிஸ்னி பூங்காவான எப்காட்டின் கற்பனை அரங்குக்கு 1982 முதல் 2010 வரை கோடக் துணை நின்றது. ஒரு தலைமுறைக்கே புகைப்படம் என்றால் கோடக்தான். 2012 ஜனவரியில் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்துக்குப் போனது. எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும், நீங்கள் ஊன்றும் கான்கிரீட் தூண்களின் ஆயுளுக்கு அதன் விளம்பரத் துறை உத்தரவாதம் தர முடியாது.

ஆகவே, யார் அதிகம் தருகிறார்கள் என்று கேட்பதற்கு முன், இவர்கள் போகும் நாளில் நம் சவாரி என்ன ஆகும் என்று கேளுங்கள்.

எப்காட்டில் ஹொரைசன்ஸ் என்றொரு சவாரி 1983இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆதரவில் தொடங்கியது. கடலடியிலும் பாலைவனத்திலும் விண்வெளியிலும் மனிதர்கள் எப்படி வாழக்கூடும் என்று காட்டிய சவாரி. அதை நேசித்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். நிறுவனம் 1993இல் விலகியது. அடுத்த ஸ்பான்சர் வரவே இல்லை. இடையில் மூடியும் திறந்தும் ஓடி, 1999 ஜனவரியில் அது நிரந்தரமாக மூடப்பட்டது. பிறகு கட்டடமும் இடிக்கப்பட்டது.

அதே நிறுவனத்தின் இன்னொரு கதை வேறு மாதிரி முடிந்தது. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவான கேரசல் ஆஃப் பிராக்ரஸ், பார்வையாளர்களின் இருக்கைகளே மேடைகளைச் சுற்றி நகரும் அரங்கு. மின்சாரம் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் வந்து வாழ்க்கையை எப்படி மாற்றியது என்பதுதான் கதை. ஸ்பான்சர் 1985இல் விலகிய பிறகும் அது ஓடியது. காரணம் பலவாக இருக்கலாம். என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது, அது ஒரு வீட்டின் கதையாக இருந்ததுதான். நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டாலும் அந்த வீட்டில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், விளக்கு எரிந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இஃப் யூ ஹேட் விங்ஸ் இருக்கிறது. 1972இல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் ஆதரவில் தொடங்கிய அந்தச் சவாரி, அந்த விமான நிறுவனம் பறந்த ஊர்களைச் சுற்றிக்காட்டியது. 1987இல் ஈஸ்டர்ன் விலகியதும் சவாரியின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. 1989இல் அது மூடப்பட்டது. 1991இல் அந்த விமான நிறுவனமே சேவையை நிறுத்திவிட்டது. ஒருவருடைய விளம்பரத்தையே கதையாக எழுதினால், அவர் போகும்போது கதையையும் எடுத்துக்கொண்டு போகிறார்.

இப்போது உங்கள் மூன்று நிறுவனங்களுக்கு வருகிறேன்.

குளிர்பானத்தின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. இங்கிலாந்தின் பிளாக்பூலில் 1994இல் திறந்த ரோலர் கோஸ்டருக்கு பெப்சி மேக்ஸ் பிக் ஒன் என்று பெயர் வைத்தார்கள். ரோலர் கோஸ்டருக்குக் கதை தேவையில்லை, உயரமும் வேகமும் போதும். பின்னர் ஒப்பந்தம் முடிந்ததும் முன்னால் இருந்த இரண்டு சொற்களை எடுத்தார்கள். பிக் ஒன் என்று அது இன்றும் ஓடுகிறது. டிஸ்னிலேண்டில் பாடும் பறவைப் பொம்மைகளின் டிக்கி அரங்குக்கு 1976 முதல் டோல் நிறுவனம் ஸ்பான்சராக இருக்கிறது. வெப்பமண்டலத் தீவுக் கூரையின் கீழ் அன்னாசி விற்கும் நிறுவனத்தின் பெயர் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. உணவும் பானமும் விற்பவர்கள் நல்ல ஸ்பான்சராக முடியும் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் உங்கள் சவாரி கடலைப் பற்றியது. இன்று கடலின் கதையைக் குழந்தைகளிடம் நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், ஏதோ ஓர் அறையில் பிளாஸ்டிக் பாட்டில் மிதந்தே ஆக வேண்டும். பாட்டிலில் பானம் விற்பவர் ஸ்பான்சராக இருக்கும்போது அந்த அறை கட்டப்படுமா? எழுத்துப் பிரதியைப் பார்த்து ஒப்புதல் தரும் உரிமையை ஸ்பான்சர்கள் கேட்பது வழக்கம். அவர்கள் எதையும் வெட்டச் சொல்லத் தேவையில்லை. சொல்வதற்கு முன்பே நம் ஆட்கள் வெட்டிவிடுவார்கள். எனக்குக் கவலை தருவது அதுதான். எப்காட்டில் எரிசக்தியைப் பற்றிய அரங்கை 1982 முதல் எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனம் ஆதரித்தது. பெட்ரோல் எரிவதால் என்ன ஆகிறது என்ற பாடத்தை அந்தக் கூரையின் கீழ் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. பொது மக்களும் இதைக் கவனிக்கிறார்கள். ஷெல் என்ற எண்ணெய் நிறுவனத்தோடு தனக்கிருந்த நீண்ட கால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2014இல் பொம்மை நிறுவனமான லெகோ அறிவித்தது. கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் இயக்கம் மூன்று மாதங்கள் நடத்திய பிரசாரத்துக்குப் பிறகு வந்த அறிவிப்பு அது. பொம்மைக்கும் எண்ணெய்க்கும் என்ன உறவு என்று மக்கள் கேட்டதுபோல, மீனுக்கும் பாட்டிலுக்கும் என்ன உறவு என்று உங்களையும் ஒரு நாள் கேட்பார்கள்.

காப்பீட்டு நிறுவனத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர்களால் கதைக்குக் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. மற்ற இரண்டும் தவறிப்போனால் அவர்களிடம் போகலாம்.

கேபிள் நிறுவனம்தான் என் மனதில் நிற்கிறது. தொகை குறைவு என்பது உண்மை. ஆனால் அவர்கள் கையில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். கண்டங்களுக்கு இடையே போகும் தரவில் மிகப் பெரும் பங்கு வானத்தில் போகவில்லை, கடலுக்கு அடியில் கண்ணாடி இழைகளில் போகிறது. ஆழ்கடலில் அந்தக் கேபிளின் பருமன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் அளவுதான். கரையை நெருங்க நெருங்க, நங்கூரமும் மீன்பிடி வலையும் அறுத்துவிடாதபடி இரும்புக் கம்பிகளைச் சுற்றித் தடிமனாக்குகிறார்கள். அறுந்தால் ஒரு கப்பல் போய், கொக்கியை ஆழத்துக்கு இறக்கி, துழாவித் தூக்கி, மேல்தளத்தில் வைத்து இழையோடு இழை ஒட்டி மீண்டும் இறக்குகிறது. அட்லாண்டிக்கைக் கடந்து 1858இல் போட்ட முதல் தந்திக் கேபிள் ஏறத்தாழ மூன்று வாரங்களில் செத்துப்போனது. 1866இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்ட கேபிள்தான் நிலைத்தது. இவ்வளவும் உங்கள் வரிசையிலேயே சொல்லி முடிக்கக்கூடிய கதை. வரிசையில் நிற்கும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் குறுக்கே வெட்டிய உண்மையான கேபிள் துண்டு ஒன்றை வையுங்கள். 11 ஆண்டுகள் வரிசைகளைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: குழந்தைகள் திரையைப் பார்ப்பார்கள், ஆனால் தொட முடிந்த பொருளைத்தான் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள்.

எப்காட்டின் டெஸ்ட் டிராக் நல்ல முன்னுதாரணம். காரை விற்பனைக்கு விடும் முன் எப்படிச் சோதிப்பார்கள் என்பதையே சவாரியாக்கினார்கள். ஜெனரல் மோட்டார்ஸுக்குத் தெரிந்த வேலை அது. தன் தொழிலின் உள்ளறையைத் திறந்துகாட்டும் ஸ்பான்சர், பணத்தோடு இன்னொன்றையும் தருகிறார். அதைக் கடையில் வாங்க முடியாது.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும் ஒப்பந்தத்தில் சிலவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். கேபிள் நிறுவனமானாலும் இதே நிபந்தனைகள்தான். ஆண்டுத் தொகையில் ஒரு பங்கு பராமரிப்புக்கென்று தனிக் கணக்குக்குப் போகட்டும். வேறு செலவுக்கு அதைத் தொடும் உரிமை உங்களுக்கே இருக்கக் கூடாது. பொம்மையின் தோல் கிழிவதும், சக்கரம் தேய்வதும், காற்றுக் குழாய் கசிவதும் கடைசி ஆண்டுகளில்தான் கூடும். ஸ்பான்சருக்கு ஆர்வம் குறைவதும் அப்போதுதான். ஆகவே அந்த நிதி முதல் ஆண்டுகளிலேயே சேர வேண்டும். பலகை, ஒலி, படம் எல்லாவற்றையும் மாற்றும் செலவை முன்பணமாக வாங்கி வையுங்கள். விலகுவதானால் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முன்னதாக அறிவிக்க வேண்டும். நிறுவனம் விற்கப்பட்டால் வாங்கியவரையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்த வேண்டும். கதையில் கடைசிச் சொல் உங்களுடையதாக இருக்கட்டும். சவாரியின் பெயர், ஸ்பான்சர் பெயரை எடுத்தாலும் ஊனமில்லாமல் நிற்கட்டும். அவர்களுடைய விருந்தினருக்குக் குளிரூட்டிய ஓய்வறை கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், அதனால் யாருக்கும் நட்டமில்லை. வரிசையில் காத்திருக்கும் குழந்தைகளிடம் எதையும் விற்கக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். அவர்கள் நகர முடியாமல் நிற்பவர்கள்.

இன்னொன்று, சிறியதுதான். நிறுவனத்தின் பெயரைச் சொல்லும் வரியைத் தனி ஒலித்தடத்தில் பதிவு செய்யுங்கள். எங்கோ ஓர் ஆபரேட்டரின் இடது கைக்கு வேலை மிச்சமாகும்.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று நிறுவனத்தாரும் வரும்போது, திறப்பு விழாவின் வரைபடங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, சவாரியின் பதினோராம் ஆண்டுப் பராமரிப்பு அட்டவணையை மேசைமேல் விரியுங்கள். உங்கள் பொறியாளர்களிடம் கேட்டால் ஒரு வாரத்தில் தயார் செய்து தருவார்கள். அதைக் கையில் எடுத்து, இது என்ன, இது ஏன் இவ்வளவு, இது நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேட்பவர் யார் என்று பாருங்கள்.

மரியாதையுடன்,
படகு மேடையில் 11 ஆண்டுகள் நின்ற ஓர் ஆபரேட்டர்