டிரையல் வகுப்புக்கும் கூலி கொடுங்கள்

நான் பாடம் நடத்தும் மொழித் தளத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். புதிய மாணவர் ஓர் ஆசிரியரிடம் முதன்முதலில் எடுத்துப் பார்க்கும் டிரையல் வகுப்பின் கட்டணம் முழுவதையும் நீங்களே எடுத்துக்கொள்ளும் விதியைப் பற்றி ஏற்கெனவே பலர் உங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். மாணவரை அறிமுகப்படுத்தியதற்கான கட்டணம் என்ற ஒரே பதில்தான் எல்லாருக்கும் வருகிறது. சென்ற வாரம் எனக்கும் அதுவே வந்தது. அதனால்தான் எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

டிரையல் வகுப்புக்கு வந்தவர், மொழித்திறனில் ஏ1 (தொடக்க நிலை) முதல் சி2 (முழுத் தேர்ச்சி) வரையிலான ஆறு நிலைகளில் எங்கே நிற்கிறார் என்று உங்கள் படிவம் கேட்கிறது. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட அந்த அளவுகோலை வைத்து அரை மணி நேரத்தில் ஒருவரை எடைபோடுவது லேசான வேலையா? சென்ற வாரம் வந்தவர் தமிழில் சரளமாகப் பேசினார். வீட்டில் கேட்டுக் கேட்டே வந்த பேச்சு. ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னேன். ‘கொடு’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். முன்னால் நிற்கும் ஒற்றைக்கொம்பையும் பின்னால் நிற்கும் துணைக்காலையும் சேர்த்துப் படிக்க அவருக்குத் தெரியவில்லை. பேச்சில் பி2, வாசிப்பில் ஏ1. தயாரித்து வைத்திருந்த பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, உயிர்மெய் எழுத்திலிருந்து தொடங்கினேன். அப்புறம், எதை எந்த வரிசையில் படிக்கலாம் என்று எழுதியும் அனுப்பினேன். நன்றி சொன்னார், திரும்ப வரவில்லை. அது அவர் விருப்பம். ஆனால் அவர் கட்டிய பணத்தில் ஒரு காசுகூட எனக்கு வரவில்லை.

வேலை செய்தது நான். அந்த வேலைக்குக் கூலி கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நிலையான மாணவர்கள் உள்ள பழைய ஆசிரியர்களுக்கு இது பெரிய இழப்பாகத் தெரியாது. புதிதாக வருபவருக்கோ தொடக்கத்தில் டிரையல் வகுப்புகளே பிழைப்பு. மதிப்புரை இல்லாவிட்டால் தேடலில் பெயர் மேலே வராது. பெயர் மேலே வராவிட்டால் மாணவர் வரமாட்டார், மதிப்புரையும் வராது. கட்டணத்தைக் குறைத்துப் போடுங்கள் என்கிறது உங்கள் வழிகாட்டி. அந்தக் குறைந்த கட்டணத்திலும் புதியவரிடம்தான் அதிகக் கமிஷன் பிடிக்கிறீர்கள். இது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறார்கள், ஐரோப்பாவில் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் என் அமெரிக்க மாணவர், ஐரோப்பிய மாணவர் இருவரின் வகுப்பும் ஒரே மணியில் வந்து மோதுகிறது. ஒன்றை விட்டால் ‘ஆசிரியர் வரவில்லை’ என்று என் கணக்கில் பதிவாகிறது. முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை அனுப்பினால் போதும், அதைக்கூடச் செய்வதில்லை.

சரி, கேட்க வந்தது டிரையல் வகுப்பைப் பற்றி. முழுத் தொகையையும் நான் கேட்கவில்லை. மற்ற வகுப்புகளுக்குப் பிடிக்கும் கமிஷனையே இதற்கும் பிடித்துக்கொண்டு, மீதியை ஆசிரியருக்குக் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால், இந்தப் பணம் ஆசிரியருக்குப் போகாது என்று மாணவர் பணம் கட்டும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். அடுத்த விதித் திருத்தத்தில் இதைச் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தளத்தில் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆசிரியர்