மானியம் இருக்கட்டும், பில் பணம் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொழில் தொடங்குவோருக்கான மானியக் கடன் திட்டங்களைப் பற்றி உங்கள் இதழில் தொடர்ந்து எழுதி வருகிறீர்கள். எந்தத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும், எங்கே விண்ணப்பிப்பது என்பதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கும் புரிகிறது. அதற்கு நன்றி. நான் சேலம் கொண்டலாம்பட்டியில் 19 வருடமாக லேத் பட்டறை நடத்துகிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், என்னையும் சேர்த்து ஐந்து பேர். தொழிலைத் தொடங்கிவிட்ட பிறகு எங்களை எது நசுக்குகிறது என்று யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

திட்டங்கள் மீது எனக்குக் குறை கிடையாது. என்னிடம் எட்டு வருடம் வேலை பார்த்த தம்பி ஒருவர் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடன் வாங்கித் தனியாகப் பட்டறை போட்டார். 12 லட்சம் ரூபாய் திட்டம். கிராமப்புறத்தில் இடம், பிற்படுத்தப்பட்ட வகுப்பு, அதனால் 35 சதவீத மானியம். அவர் கையிலிருந்து போட்டது 5 சதவீதம்தான். மெஷின் பார்க்கக் கோயம்புத்தூருக்கு நானே கூடப் போனேன். அப்பா வாங்கின கடனில் தொடங்கிய எனக்கு இப்படி ஒரு வாய்ப்பு இல்லையே என்று அன்று தோன்றியது. இந்தத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை போகலாம் என்று 2022-இல் உயர்த்தினார்கள். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டம் 5 கோடி வரை போகிறது. இவற்றால் நல்ல நிலைக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அந்தத் தம்பிக்கு முதல் வருடம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வருடம், அவருடைய வேலையில் பாதிக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு இடத்தில் பில் பணம் நின்றுவிட்டது. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று ஐந்து மாதம் இழுத்தார்கள். வேலை மட்டும் நிற்கவில்லை, கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இவரும் ராடு வாங்கி, ஆட்களுக்குக் கூலி கொடுத்து, செய்து அனுப்பிக்கொண்டே இருந்தார். வங்கித் தவணை மூன்று மாதம் தவறியது. தவணை 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும் என்பது விதி. மானியமோ மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடக்கும், தொழில் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் கழியும். இப்போது அவர் பகலில் வேறொரு பட்டறையில் ஷிப்ட் பார்க்கிறார், ராத்திரியில் தன் லேத்தை ஓட்டுகிறார்.

தர வேண்டிய பணத்தை 150 நாள் தராதவருக்கு எங்கேயும் ஒரு கெட்ட பெயர் இல்லை. அந்தப் பணம் வராததால் 90 நாள் தவணை கட்டாதவர் இனி எந்த வங்கிப் படியேறினாலும் அந்தக் கறை முன்னால் வந்து நிற்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

என் பட்டறைக் கணக்கைச் சொல்கிறேன். எங்கள் வேலையில் பெரும்பகுதி சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிகளுக்கும் ஸ்பின்னிங் மில்களுக்கும். ஜவ்வரிசிக்கான குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வரத்து தொடங்குவதற்கு முன்னால் அரவை டிரம், ஷாஃப்ட், உருளை எல்லாம் ஒரே நேரத்தில் சரி செய்ய வரும். ஒரு லட்சத்துக்கு பில் போட்டால் ஜிஎஸ்டி 18,000. அதை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நான் கட்டியாக வேண்டும், பணம் வந்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. வாங்கினவர் அந்த 18,000-ஐ உடனே வரி வரவாக எடுத்துக்கொள்கிறார். 180 நாள் வரை எனக்குப் பணம் தராவிட்டாலும் அந்த வரவு அவரிடமே இருக்கும். அதற்கு மேல் போனால்தான் திருப்ப வேண்டும். ஆக, நான் கண்ணால் பார்க்காத பணத்துக்கு வரியும் கட்டிவிட்டு, இரும்புக் கடைக்கு ரொக்கமும் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை வாரக்கூலிக்கு என்ன செய்வது என்று உட்கார்ந்திருப்பேன். போன வருடம் ஒரே இடத்தில் 4,60,000 ரூபாய் ஏழு மாதம் நின்றது. வீட்டுக்காரம்மாவின் நகையை வங்கியில் வைத்துத்தான் கூலி கொடுத்தேன். அதற்கு வட்டி கட்டினது நான். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பெரிய இடத்துக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தது நான்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில், குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கினவர் எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள் என்று தெளிவாக இருக்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கிற வசதியாக்கல் கவுன்சிலில் முறையிட்டால் 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்து வாங்கினவர் கோர்ட்டுக்குப் போவதென்றால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இதைவிடப் பலமான சட்டத்தை நாங்கள் கேட்டிருக்கவே மாட்டோம்.

ஆனால் முறையிடுவது யார்? நான்தான் முறையிட வேண்டும், என் பெயரில், என் பட்டறை முகவரியில். எங்கள் பக்கத்தில் ஒருவர் துணிந்து முறையிட்டார். பணம் வட்டியோடு வந்தது. அந்த இடத்திலிருந்து வேலை அதோடு நின்றது, அவர்களுக்குத் தெரிந்த இன்னும் இரண்டு இடத்திலும் நின்றது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு யார் போவார்கள்?

2023-24 கணக்கு வருடத்திலிருந்து வருமான வரியிலும் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டிய பாக்கியை மார்ச் முடிவதற்குள் தராவிட்டால் அந்த வருடச் செலவாக அதைக் காட்ட முடியாது. 2024 மார்ச் மாதம் எனக்கு வர வேண்டிய பழைய பாக்கிகூட வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு மில்லில் பர்ச்சேஸ் பார்க்கிறவர் கூப்பிட்டார். “பில்லில் உத்யம் நம்பர் போடறீங்களே, அது வேண்டாமேங்க, எங்க ஆடிட்டர் சத்தம் போடறாரு” என்றார். உத்யம் நம்பர் என்பது குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் பதிவு செய்த எண். சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல முடியும்? பதிவு செய்தால் பாதுகாப்பு என்று அரசு சொல்கிறது. அதே பதிவு எண்ணை நான் ஒளிக்க வேண்டியிருக்கிறது.

எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. சேகோ பேக்டரிக்காரர்கள் சிலரைக் கேட்டால், “வடநாட்டு வியாபாரி எங்களுக்கே தரலைங்க” என்கிறார்கள். அதுவும் பொய்யில்லை. மேலே நிற்கிற பணம் கீழே வந்து எங்கள் தலையில் விழுகிறது. ஏற்காட்டிலிருந்து சின்னக் காபித் தோட்டக்காரர்கள் பழம் பறிக்கிற பருவத்தில் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மெஷினைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி வருவார்கள். ஷாஃப்ட் தேய்ந்திருக்கும், புஷ் மாற்ற வேண்டியிருக்கும். காத்திருந்து வாங்கி, கையோடு பணத்தை எண்ணி வைத்துவிட்டுத்தான் மலையேறுவார்கள். பழம் விற்ற காசு அவர்களுக்கு இன்னும் வந்திருக்காது. ஆனாலும் ஒரு நாளும் பாக்கி வைத்ததில்லை.

அரசிடம் நான் கேட்பது புதுத் திட்டம் இல்லை, புது மானியமும் இல்லை. 45 நாளுக்கு மேல் குறு, சிறு நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் பாக்கியைக் கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்துக்குப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2019 முதலே உத்தரவு இருக்கிறது. யாருக்கு, எவ்வளவு, ஏன் தாமதம் என்று அவர்களே எழுதுகிறார்கள். அந்தப் பட்டியல் அரசின் கையில் இருக்கும்போது புகார் என் வாயிலிருந்து ஏன் வர வேண்டும்? சேலத்தில் இருக்கும் கம்பெனிகளின் பட்டியலை மாவட்டத் தொழில் மையத்துக்கு அனுப்புங்கள். தொழில் மையமே தன் பெயரில் நோட்டீஸ் கொடுக்கட்டும். யார் சொல்லி வந்தது என்ற கேள்வியே எழாது. கம்பெனியாகப் பதிவு செய்யாத கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) நிறுவனங்களுக்கு இந்தப் படிவம் கிடையாது, எங்கள் ஊரில் அவைதான் அதிகம். பெரிய அளவில் வரவு செலவு செய்கிற அந்த நிறுவனங்களையும் இதில் சேர்க்க வேண்டும். அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குகிற இடத்தில் நிற்கும்போது அவர்களுக்கும் இதே 45 நாள்தான்.

வங்கிகளிடமும் ஒன்று. தவணை தவறியவர் வந்து நின்றால், அவருக்கு எங்கே பணம் நிற்கிறது என்று ஒரு முறை பில் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். ஜிஎஸ்டி கட்டின ரசீது இருக்கிறது, சரக்கு போன சலான் இருக்கிறது. வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தவரா, செய்த வேலைக்குக் கூலி வராதவரா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். இக்கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரையும் பட்டறைப் பெயரையும் தயவு செய்து போட வேண்டாம். அந்த 4,60,000-இல் இன்னும் 85,000 வர வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கொண்டலாம்பட்டி, சேலம்.